முத்துக்குள் தெரிந்த வட்டம்

எனக்கு நடந்த பிரிவு உபசாரக் கூட்டத்தில் நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்றேன், மாலையைக் கழற்றினேன், எல்லாருக்கும் நன்றி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பேச்சு எனக்கு எப்போதும் வந்ததில்லை. எக்ஸ்ரே இருட்டறை வேலைக்கு நான் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே யாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசச் சொல்ல மாட்டார்கள். அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதித் தருகிறேன். வேலை முடிந்த பிறகு கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். எழுதினாலாவது ஓர் இடத்தில் உட்காருவேனா என்று பார்க்கிறேன்.

அன்றைய கூட்டத்தில் உங்களில் ஒருவர் லேசர் என்ற புது ஒளியைப் பற்றிப் பேசினார். அதன் அலைநீளத்தைக் குறைத்துக்கொண்டே போய் நம் எக்ஸ்ரே அளவுக்குச் சிறியதாக்கிவிட்டால், ஒரு பொருளுக்குள் அணு அணுவாக என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்றார். நான் பள்ளி இறுதி வகுப்போடு நின்றவன். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். அலை சிறியதாக ஆக, அதனால் காட்ட முடிகிற பொருளும் சிறியதாகிறது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் தோலில் நின்றுவிடும். அதைவிட மிகச் சிறிய அலை உள்ளே நுழைந்துவிடும். நாமும் அப்படித்தான் எலும்பைப் பார்த்தோம். அவர் பேசப் பேச நீங்கள் எல்லாம் கை தட்டினீர்கள். எனக்கோ உள்ளுக்குள் ஒரு பதற்றம். எவ்வளவு நல்ல ஒளி வந்தாலும், அது காட்டியதைப் பார்த்து வாய் திறப்பது மனிதன்தானே.

நான் வேலைக்குச் சேர்ந்தது சுதந்திரம் வந்து ஓரிரு வருஷத்தில். கமுதிப் பக்கத்து மிளகாய்க்காட்டு ஊரிலிருந்து இராமநாதபுரம் வந்தேன். அந்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே மிஷின் ஒன்றுதான். அதற்கு எதிரிகள் மூன்று. ஒன்று காற்று. கடலிலிருந்து உப்பும் மணலும் சுமந்து வந்து, மூடிய அறைக்குள்ளும் ஒரு மெல்லிய படலமாகப் படியும். இரண்டாவது வெயில். பிலிம் கழுவும் டெவலப்பர் தண்ணீர் சூடாகிவிட்டால் பிலிமின் மேல்பூச்சு பாலாடை வழிவதுபோல் வழிந்துவிடும். மண்டபம் ஊரிலிருந்து மீனுக்கு வரும் ஐஸில் கொஞ்சம் வாங்கி, தகர டப்பாவில் போட்டுத் தொட்டியில் மிதக்க விடுவோம். எங்கள் இருட்டறையில் எப்போதும் மீன் வாடை அடிக்கும். மூன்றாவது எதிரி பின் தெருவில் இருந்த அரிசி மில். அது ஓடினால் எங்களுக்கு மின்சாரம் இளைத்துவிடும்.

எங்கள் டாக்டர் நல்ல மனிதர். அவசரக்காரர். பெரிய நிகழ்ச்சிக்குப் போகும் முன் அவரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவரைத் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள்.

வாலிநோக்கத்து உப்பளத்தில் வேலை செய்யும் மூன்று பேர் தீராத இருமலோடு வந்தார்கள். நெஞ்சைப் படம் எடுத்தோம். முதல் ஆளின் நெஞ்சில் மேல்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் பொடிப் புள்ளிகள். இரண்டாவது ஆளுக்கும் அப்படியே. மூன்றாவதற்கும். உப்பைச் சுவாசித்துச் சுவாசித்து நெஞ்சில் கல் கட்டிவிட்டது என்று வராந்தாவில் பேச்சு பரவிவிட்டது. ஒருவர் தன் பெண்டாட்டியை வரச் சொல்லி ஊருக்கு ஆள் அனுப்பிவிட்டார். டாக்டர் மூன்று படங்களையும் ஜன்னலில் வரிசையாக மாட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம், "மூணு பேருக்கும் அச்சு அசலா ஒரே எடத்துலயா? ஆளுக்குள்ள இருந்தா எடம் மாறணும்ல. நம்ம பொட்டியத் தொறந்து பாரு" என்றார். பிலிம் வைக்கும் காசெட்டைத் திறந்தேன். உள்ளே, அட்டையின் மேல், காற்று கொண்டுவந்து போட்ட உப்பு மணிகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

டாக்டரே வராந்தாவுக்குப் போய், கல் அவர்கள் நெஞ்சில் இல்லை, எங்கள் பெட்டியில்தான் என்று சொன்னார். அவர்களில் மூத்தவர், "எங்க உப்ப எங்களுக்கே படம் புடிச்சுக் காட்டுறீகளா" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஊருக்குப் போன ஆளைத் திருப்பிக் கூப்பிட மட்டும் வழியில்லை. அந்த அம்மா மறுநாள் அழுது வீங்கிய முகத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். வார்த்தை நம்மைவிட வேகமாக நடக்கிறது என்பதை அன்றே நாங்கள் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை என்பது முத்து வந்த அன்று தெரிந்தது.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. புறநோயாளிகள் எல்லாம் போன பிறகு, மத்தியான வேளையில் இரண்டு பேர் டாக்டரைப் பார்க்க வந்தார்கள். ஒருவர் கீழக்கரை முத்து வியாபாரி. பெயர் வேண்டாம், மரைக்காயர் என்றே சொல்கிறேன். அறுபது வயசுக்கு மேல் இருக்கும், நெட்டையான ஆள். வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கைலி. மற்றவர் பம்பாய்க் கடை ஒன்றுக்காக முத்து வாங்கும் ஏஜெண்ட். மதுரைக்காரர். தோளில் ஒரு துண்டு, சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடி.

அவர்கள் வழக்கு இதுதான். மரைக்காயர் கொடுக்கவிருந்த பொட்டலத்தில் ஒரு முத்தின் துளைக்குள் ஒரு கோடு தெரிகிறது என்கிறார் ஏஜெண்ட். அப்போது ஜப்பான் முத்து பம்பாய் வரைக்கும் வந்துவிட்டிருந்தது. சிப்பிக்குள் ஒரு மணியைத் திணித்துக் கடலில் விட்டு, அதன்மேல் முத்துப்பூச்சு ஏறிய பிறகு எடுப்பார்களாம். வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. உள்ளே மட்டும், அந்த மணியைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு வட்டமாக ஓடும். கடல் முத்தோடு ஜப்பான் முத்தைக் கலந்து விற்றவர் என்று ஒருவருக்குப் பெயர் வந்துவிட்டால் அப்புறம் அவர் கையிலிருந்து யாரும் முத்து வாங்க மாட்டார்கள். மரைக்காயர், அப்படி ஒன்று இருந்தால் நான் இந்தத் தொழிலையே விட்டுவிடுகிறேன் என்று கீழக்கரையில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டு வந்திருந்தார். உடைத்துப் பார்க்கலாம்தான். நல்ல முத்தாக இருந்துவிட்டால் உடைத்த பாவத்தை யார் ஏற்பது? உடைக்காமல் உள்ளே பார்க்க எங்களிடம் வந்தார்கள்.

டாக்டருக்கு இது பிடித்துப்போயிற்று. பெரிய டாக்டரிடம் அனுமதி வாங்கி வந்தார். பல்லுக்கு வைக்கும் சின்னப் பிலிமில் எடுக்கலாம் என்றார். முத்து உருண்டுகொண்டே இருந்தது. ஆஸ்பத்திரி ஆயா ஒரு மெழுகுவர்த்தித் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். மெழுகை உருக்கி, முத்தின் துளைக்குள் கொஞ்சம் போகும்படி அழுத்தினால்தான் பிடித்தது. துளை மேலும் கீழுமாக, முத்து நிமிர்ந்து உட்கார்ந்தது. படம் எடுத்தோம்.

நான் பிலிமைக் கழுவி வெளியே கொண்டுவந்தபோது டாக்டர் பொறுக்காமல் கதவருகிலேயே நின்றார். சொட்டச் சொட்ட வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பின்னால் மரைக்காயரும் ஏஜெண்டும் நின்றார்கள். டாக்டர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "நடுவுல வட்டமா ஒரு கோடு தெரியுது" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. வட்டம் இருந்தது. நானும் பார்த்தேன். மருத்துவம் படித்த ஒருவர் தன் கண்ணால் பார்த்ததை அப்படியே சொன்னார். நம் தொழிலில் ஆகிற பெரும்பாலான கெடுதல் இப்படித்தான் ஆகிறது. பொய்யால் இல்லை, பாதியில் சொல்லிவிட்ட உண்மையால்.

ஏஜெண்ட் பூதக்கண்ணாடியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மேசை மேல் விரித்திருந்த சிவப்புத் துணியில் மற்ற முத்துகளைச் சேர்த்துக் கட்டினார். பொட்டலத்தை மரைக்காயர் கையில் வைத்தார். "நான் சாயங்கால ரயிலுக்குப் போறேன். பம்பாய்க்கு எழுதாம இருக்க முடியாது, கோவிச்சுக்கிறாதீக" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் மரைக்காயர் பதிலுக்குக் கத்தியிருப்பார். பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

நான் மேசையைத் துடைக்க ஆரம்பித்தேன். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன். மரைக்காயர் என்னைத்தான் பார்த்தார், டாக்டரை இல்லை. "நான் கலக்குறவனா இருந்தா இங்கன எதுக்குத் தம்பி வாரேன்? கீழக்கரையிலயே அத ஒடச்சுக் கடல்ல போட்டுட்டுப் போயிருப்பேன்ல" என்றார்.

துடைத்த துணியைக் கீழே வைத்தேன். என் கண் மெழுகின்மேல் போயிற்று. முத்து இன்னும் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது, துளை கூரையைப் பார்த்தபடி. நாங்கள் அதை உச்சியிலிருந்து மட்டும் பார்த்திருந்தோம். மெழுகு பிடிப்பதற்காக அப்படி வைத்தோம், வேறு காரணம் எதுவும் இல்லை. குழந்தை காசை விழுங்கிவிட்டது என்று வந்தால் நாம் என்ன செய்வோம்? முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் காசு வட்டம், மறுபக்கத்திலிருந்து பார்த்தால் கோடு. இதைத் தினம் செய்கிறோம். முத்து என்றவுடன் மறந்துவிட்டோம். நோயாளியாக வராத பொருள் வந்ததால் நோயாளிக்குச் செய்கிற மரியாதையை அதற்குச் செய்யவில்லை.

இதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். வாய் வரைக்கும் வந்தது, விழுங்கினேன். மறுபடி வந்தது, மறுபடி விழுங்கினேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். துண்டை எடுத்துக் கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் போய், "சார், பக்கவாட்டுல ஒண்ணு எடுக்கலையே" என்றேன். அவர் கை ஈரத்தோடு அப்படியே நின்றார். "எடு" என்றார். பிறகு, "சீக்கிரம்" என்றார்.

சீக்கிரம் என்றால் எதுவும் நடக்காது என்பது அன்று போல் என்றும் எனக்கு விளங்கியதில்லை. மில் ஓடிக்கொண்டிருந்தது. மின்சார முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. ஆயா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மில்லை நிறுத்தச் சொல்லப் போனாள். நான் மெழுகைச் சுரண்டி, முத்தைப் படுக்கவைத்து மறுபடி ஒட்டிக் காத்திருந்தேன். ஜன்னலுக்கும் மிஷினுக்கும் நடந்தேன். மரைக்காயரும் எழுந்து நடக்க ஆரம்பித்தார். சின்ன அறையில் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நடந்து முட்டிக்கொண்டோம். கடைசியில் மில்லின் சத்தம் நின்றது. முள் எழுந்தது. எடுத்து முடித்தேன். ஆயா மூச்சிரைக்கத் திரும்பி வந்து, "அரிசிய உங்க டாக்டரா பொடைப்பாருன்னு மில்லுக்காரன் கேக்குறான். உள்ள ஆப்ரேஷன் நடக்குதுன்னு சொல்லிட்டேன். முத்துக்குன்னு சொல்லல" என்றாள்.

இருட்டறையில் ஐஸ் டப்பாவைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே வெறும் தண்ணீர். தொட்டி வெதுவெதுவென்று இருந்தது. அந்தச் சூட்டில் முழு நேரமும் விட்டால் பூச்சு நழுவிவிடும். சீக்கிரம் எடுத்துவிட்டால் படம் வெளிறிப்போகும். நாளைக்கு ஐஸ் வந்த பிறகு கழுவலாம் என்பதுதான் புத்தகம் சொல்லும் பதில். நாளைக்கு ஏஜெண்ட் பம்பாய்க்கு எழுதியிருப்பார். சிவப்பு விளக்கில் பிலிமைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, கோடு என்று ஒன்று எழும்பிய உடனே இழுத்து, படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போவில் போட்டேன். அழகான படம் இல்லை. சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. ஆனால் அது போதும் என்று தெரிந்தது. தம்பிகளே, நல்ல படத்துக்கும் போதுமான படத்துக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று. நல்ல படத்துக்காகக் காத்திருந்து ஆளைக் கைவிட்டுவிடாதீர்கள்.

முத்துக்குள் வட்டம் இல்லை. துளைக்கு இரு புறமும் இரண்டு கோடுகள், ஒன்றுக்கொன்று இணையாக, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை போயின. பனங்காயில் குச்சியைச் செருகி வண்டி ஓட்டுவோமே, அப்படி.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். "வட்டம்னு சொன்னது சரிதான். பந்து இருக்குன்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டோம், அதுதான் தப்பு. பந்தா இருந்தா எப்படித் திருப்புனாலும் வட்டமாத்தான் தெரியணும்" என்றார். உடனே செருப்பை மாட்டினார். சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுக்கவும் தானே போக வேண்டும் என்பது அவர் எண்ணம். அப்போது பார்த்து வாசலில் ஒரே கூச்சல். பனையிலிருந்து விழுந்த ஓர் ஆளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். டாக்டர் என்னையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ போ. படம் என்ன சொல்லுதோ அதச் சொல்லு. கூட்டவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கட்டிலோடு உள்ளே ஓடினார்.

என்னைப் போய்ப் பேசு என்று அனுப்பினார். அந்த வேளையில் பனையிலிருந்து விழுந்தவனோடு நானும் அந்தக் கட்டிலில் படுத்துக்கொள்ளலாமா என்று தோன்றியது.

மரைக்காயர் அந்த முத்தையும் பொட்டலத்தில் சேர்த்துக் கட்டிக்கொண்டார், ஜட்கா வண்டி பிடித்தோம். பிலிம் ஈரம் காயவில்லை. கை படக்கூடாது, தூசி படக்கூடாது. இடுக்கியில் பிடித்து, வண்டிக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் படத்தை வேறொரு இடுக்கியில் மரைக்காயரிடம் கொடுத்திருந்தேன். அவரும் அந்தப் பக்கம் கையை நீட்டிக்கொண்டு வந்தார். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "என்ன மொதலாளி, ரெண்டு பேரும் கருவாடு காயப்போட்டுக்கிட்டு வாரீக" என்றார். மரைக்காயர் சிரிக்கவில்லை. குதிரையை விரட்டச் சொன்னார்.

பாதி வழியில் அவர் என் கையிலிருந்த படத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்றார். காட்டினேன். முதலில் ஆவலோடு பார்த்தார். பிறகு அவர் முகம் மெல்ல மாறியது. கையை இறக்கிக்கொண்டார்.

"இது அடைப்பு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். அவர்கள் வீடுகளில் பெண்கள் முத்து மாலையைக் கழற்றுவதே இல்லை. வருஷக் கணக்கில் நூல் அறுத்து அறுத்துத் துளை பெரிசாகிவிடும். அப்போது சங்கைச் சீவிச் சின்ன ஆணிபோல் ஆக்கி, பிசின் வைத்துத் துளையை அடைத்துவிடுவார்கள். அதன் நடுவில் புதுசாகத் துளை போடுவார்கள். அந்தப் பிசின்தான் உச்சியிலிருந்து வட்டமாகவும் பக்கத்திலிருந்து இரண்டு கோடாகவும் தெரிந்திருக்கிறது. அவருடைய தாயார் கழுத்தில் கிடந்த மாலை அது. கடலில் முத்துக் கிடைக்காத வருஷங்களில் பொட்டலத்தை நிரப்ப, அந்த மாலையை அறுத்து அதிலிருந்து சில முத்துகளைச் சேர்த்திருந்தார். அவர் சிறுவனாக இருந்தபோது வீட்டில் யாரோ அடைத்திருக்கிறார்கள். அவருக்கு நினைவில்லை.

அவர் ஜப்பான் முத்தைக் கலக்கவில்லை. அது நிச்சயமாகிவிட்டது. ஆனால் அடைத்த முத்தை அடைத்தது என்று சொல்லாமல் வைத்ததும் அந்தத் தொழிலில் ஒரு குற்றம்தான். கலப்பதைவிடச் சிறியது, ஆனாலும் குற்றம்.

ஸ்டேஷன் தூரத்தில் தெரிந்தபோது அவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஜப்பான் முத்து இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. அது உண்மைதானே. அடைப்ப நான் பொறவு கடுதாசியில அவருக்கு எழுதிக்கிறேன். பிளாட்பாரத்துல நாலு பேரு முன்னாடி வேணாம்" என்றார்.

அவர் கேட்டது அநியாயம் இல்லை. அநியாயமாகக் கேட்டிருந்தால் முடியாது என்று சொல்வது எனக்குக்கூட எளிது. அவர் சொல்லச் சொன்னது உண்மை. கூட்டவில்லை. ஆனால் குறைக்கிறது. மத்தியானம் டாக்டர் ஜன்னலருகில் நின்று சொன்னதும் அப்படி ஒரு உண்மைதானே என்று என் மனசு சொல்லிற்று. அவரிடம் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குதிரையின் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ரயில் வந்து நின்றிருந்தது. இராமேஸ்வரம் போய்த் திரும்புகிற யாத்ரீகர்கள் செம்புகளோடும் மூட்டைகளோடும் இறங்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். ஏஜெண்ட் ஒரு பெட்டியின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மரைக்காயரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பப் போனவர், இடுக்கியும் ஈரப் படமுமாக என்னைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். படம் என்றால் கூட்டம் வராமல் இருக்குமா?

மேற்கே வெயில் இருந்தது. இரண்டு படங்களையும் அதற்கு நேராகப் பிடித்தேன். ஏஜெண்ட் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். "மத்தியானம் பாத்த வட்டம் எங்க?" என்று கேட்டார்.

மரைக்காயர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் வாயைத் திறந்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டி மறுபடி சொன்னேன். "வட்டம் அப்படியேதாங்க இருக்கு. அது மேலருந்து பாத்தது. இது அதே முத்த, பக்கத்துலருந்து. பந்தா இருந்தா இதுலயும் வட்டம் தெரியும். தெரியல. அதனால உள்ள மணி இல்ல, ஜப்பான் முத்து இல்ல. ஆனா ஆணி மாதிரி ஏதோ ஒண்ணு குறுக்க போயிருக்கு. அது என்னன்னு படம் சொல்லாது."

அங்கே நிறுத்தினேன். சங்கு என்றோ அடைப்பு என்றோ நான் சொல்லவில்லை. அது படத்தில் இல்லை. ஜட்காவில் அவர் என்னை நம்பிச் சொன்னது. படத்தில் இருந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். மிச்சத்தைச் சொல்ல வேண்டியவர் பக்கத்திலேயே நின்றார். என் வேலை முடிந்த இடத்தில் நான் நின்றுகொண்டேன். அதைத் தாண்டிப் போகாமல் இருக்கவும், அதற்கு முன்னாலேயே நின்றுவிடாமல் இருக்கவும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கணக்கில் அது ஒரு நிமிஷம்கூட இருக்காது. ரயில் கார்டு பச்சைக் கொடியை விரிப்பதை ஓரக்கண்ணால் பார்த்தேன். மரைக்காயர் பேசாமலே இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன்.

மரைக்காயர் தண்டவாளத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

"அடைச்ச முத்து" என்றார். நாலு பேருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். "எங்க உம்மா மாலையில உள்ளது. அடைச்சது எனக்கு மறந்துபோச்சு. மறந்துச்சுன்னு சொன்னா நீங்க நம்பணும்னு இல்ல. நான் பாத்துருக்கணும். பாக்கல."

கூட்டத்தில் யாரோ ஏதோ கேலியாகச் சொன்னார்கள். ஏஜெண்ட் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவர் மரைக்காயரையே பார்த்தார். பிறகு, "ரயிலடிக்கு வந்து இதச் சொல்லணும்னு ஒங்களுக்கு என்ன? ஜப்பான் இல்லைன்னு இந்தத் தம்பி சொன்னதோட விட்டிருக்கலாம்ல" என்றார்.

மரைக்காயர், "விட்டிருக்கலாம்தான்" என்றார்.

வண்டி ஊதிவிட்டது. ஏஜெண்ட் ஏறி, கதவருகில் நின்றுகொண்டார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து, வலது கையின் மேல் விரித்துப் போட்டு, அந்தக் கையை வெளியே நீட்டினார். எனக்கு அது என்ன என்று புரியவில்லை. சுற்றி நின்றவர்களில் கீழக்கரைக்காரர்கள் சிலருக்குப் புரிந்தது, பேச்சை நிறுத்திவிட்டார்கள். முத்து வியாபாரத்தில் விலையை வாயால் பேசுவதில்லையாம். துணிக்கு அடியில் இரண்டு கைகளும் விரலைத் தொட்டுத் தொட்டுப் பேசிக்கொள்ளும். கேட்ட விலையும் கொடுத்த விலையும் அந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். ஒருவரை நம்பாதவன் துண்டை விரிக்க மாட்டான்.

மரைக்காயர் முதல் படத்தை என் கையில் திணித்துவிட்டு, துண்டுக்குள் கையை விட்டார்.

ரயில் நகர ஆரம்பித்தது. கைகள் துண்டுக்குள்ளேயே இருந்தன. மரைக்காயர் பெட்டியோடு நடந்தார். வேகமாக நடந்தார். அந்த வயசில் கைலியை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். பிளாட்பாரம் முடியும் இடத்தில் போர்ட்டர் ஒருவர் அவரைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. நான் இரண்டு கையிலும் இரண்டு இடுக்கியோடு அங்கேயே நின்றேன். தூசி பறந்து வந்து ஈரப் படங்களில் ஒட்டிக்கொண்டது. இனி அவற்றைக் கழுவியும் பயனில்லை.

அவர் திரும்பி நடந்து வந்தார். மூச்சு வாங்கியது, தொப்பி சாய்ந்திருந்தது. ஏஜெண்டின் துண்டு அவர் கையோடு வந்துவிட்டது. சிவப்புப் பொட்டலம் அவரிடம் இல்லை, ஏஜெண்டோடு போயிருந்தது.

"வெல கொறைச்சுத்தான் முடிஞ்சுச்சு, தம்பி" என்றார். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அவர் அந்தத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டார்.